இன்ஸ்பெக்டர் ஐயாவின் குளியல் செலவு

நியாயம் கேட்க நாவுடையோரே, அநியாயம் காணக் கண்ணுடையோரே, இங்கே வாருங்கள். இந்தச் சலவைக்கல் தொட்டியைச் சுற்றி நில்லுங்கள். அதிக நேரம் நிற்க வேண்டாம். இந்த ஊரில் நிற்பதற்கும் கட்டணம் உண்டு.

அதோ ஒரு மலை. அதன் வயிற்றிலிருந்து வெந்நீர் வருகிறது. எந்தக் குழுவும் கூடித் தீர்மானம் போட்டு அதைச் சுட வைக்கவில்லை. எந்த இயக்குநரும் விடியலில் எழுந்து அடுப்புக்கு விறகு தள்ளவில்லை. மனிதன் இடுப்பில் துணி சுற்றக் கற்பதற்கு முன்பே அது இப்படித்தான் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஊற்றின் வாயில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு மணி. மணிக்குப் பின்னால் பாட் கோல்ம் நகரத்துக் குளியல் ஆணையம். மேசைக்கு இந்தப் பக்கம், விரல் மடங்காத ஒரு தையற்காரி. இவ்வளவுதான் அநியாயம். அது எப்படி நடந்தது என்பதற்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

தையற்காரியின் பெயர் ஹெர்மீனா. லின்ஸ் நகரத்தில் சீமாட்டிகளின் கைகளுக்கு ஆயுளெல்லாம் கையுறை தைத்தவர். பிறர் விரல்களை அழகாக்கிய கைகள் முடிவில் தம் விரல்களை இழந்தன. கணுக்கள் வீங்கின, ஊசி நழுவியது, பிறகு கரண்டியும் நழுவியது. மருத்துவர் சொன்னார்: "மலை வெந்நீர்ல ஒம்பது குளியல். இந்தக் கோடையிலயே முடிச்சிடுங்கம்மா. அடுத்த வருஷம்னு தள்ளிப்போட்டா, இந்த விரல் இப்படியே இறுகிப் போயிடும். அப்புறம் சட்டைப் பொத்தான் போடக்கூட ஆள் வேணும்."

ஹெர்மீனாவின் கணவர் இக்னாஸ். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். டிராம் இன்ஸ்பெக்டர் வேலைக்கு மூன்று முறை மனுச் செய்து, மூன்று முறையும் மறுக்கப்பட்டவர். முதன்முறை இளைஞர் என்றார்கள். மூன்றாம் முறை முதியவர் என்றார்கள். நடுவில் ஏன் மறுத்தார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியில் இருக்கும் வெள்ளிப் பட்டையை அவர் கனவில் பலமுறை துடைத்திருக்கிறார்.

இரண்டு குளிர்காலம் இறைச்சியைக் குறைத்துப் பணம் சேர்த்தார்கள். சமையலறை மேசைமேல் நான்கு பழைய சம்பள உறைகளை வைத்தார் இக்னாஸ். ஒன்று ரயிலுக்கு, ஒன்று அறைக்கு, ஒன்று சூப்புக்கு. நான்காவது, தடித்தது, ஒன்பது குளியலுக்கு.

"எதிர்பாராத செலவுக்குன்னு ஒரு உறை வேணாமா?" என்றார்.

"குளிக்கப் போறோம் இக்னாஸ். தண்ணில என்னப்பா எதிர்பாராதது இருக்கு?" என்றார் ஹெர்மீனா.

லின்ஸ் நகரத்து மக்கள் இவ்வளவு வெள்ளை மனம் கொண்டவர்கள்.

பாட் கோல்ம் நிலையத்தில் ரயில் நின்றதும், மீசை முறுக்கிய ஒரு மனிதர் ஓடி வந்தார். கொர்பினியன் என்று பெயர். காலையில் நிலையத்துச் சுமைகூலி; பிற்பகலில் ஊற்று மண்டபத்துக் காபிப் பரிசாரகர்; மாலையில் அதே மண்டபத்து இசைக்குழுவில் முக்கோண மணி தட்டுபவர். ஆணையத்தின் கண்ணும் காதும் கைத்தடியும் அவரே.

"வாங்க வாங்க, இன்ஸ்பெக்டர் ஐயா! பெட்டிய இப்படிக் குடுங்க. அம்மாவுக்கும் வணக்கம், இன்ஸ்பெக்டரம்மா!"

இக்னாஸ் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை.

"ஐயோ, இவரு இன்ஸ்பெக்டர் இல்லீங்க," என்று ஹெர்மீனா தொடங்கினார். இக்னாஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது. நீளமான இருமல். அது முடிவதற்குள் பெட்டி வண்டியில் ஏறிவிட்டது.

"மொகத்துலயே தெரியுதுங்களே," என்றார் கொர்பினியன். "முப்பது வருஷம் இன்ஸ்பெக்டரா இருந்தவரோட மொகம்."

"பெட்டி கொஞ்சம் கனம்," என்றார் இக்னாஸ். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மன்னரைத் துரத்திவிட்டுக் குடியரசு ஆன நாடு அது. ஆனால் போன மன்னர் அரசவை ஆலோசகர் என்ற பட்டக்காரர்களை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார். தேநீர்க் கடைக்கு நான்கு பேராவது இன்னும் இருக்கிறார்கள். அங்கே மறுக்காத பட்டம் ஏற்றுக்கொண்ட பட்டம்.

ஆணைய அலுவலகத்தில் ஸீட்டா என்ற எழுத்தர், இக்னாஸின் கோட்டில் ஒரு பொன்னிற வில்லையைக் குத்தினார். வரிசையில் பின்னால் நின்ற விவசாயிக்குப் பச்சை வில்லை.

"பொன் வில்லை, பட்டம் உள்ளவங்களுக்கு. கட்டணம் மட்டும் கொஞ்சம் கூட," என்றார் ஸீட்டா. "அறை எப்படி வேணும்? மலை பாத்த மாதிரியா? காட்சிக் கட்டணம் உண்டு."

"மேகம் மூடிடுச்சுன்னா?" என்றார் ஹெர்மீனா.

"அப்ப அது மேகக் காட்சி. அதே கட்டணம்தான்."

"சுவத்தப் பாத்த அறை இருந்தா குடுங்க, போதும்."

"அது அமைதியான அறைங்க. அமைதிக் கட்டணம் இன்னும் ஜாஸ்தி."

மலையைப் பார்த்த அறையே எடுத்தார்கள். முதல் நாளே சூப் உறையிலிருந்து ஒரு நோட்டு அறை உறைக்குக் குடிபெயர்ந்தது.

ஆனால் நீர் பொய் சொல்லவில்லை. முதல் குளியலில் ஹெர்மீனா கண்ணீர் விட்டார். இரண்டாவதில் தூங்கிப்போனார். மூன்றாவது முடிந்து வந்தபோது வலக் கையின் சுண்டுவிரல் மடங்கியது. அவர் அதை இக்னாஸின் முகத்துக்கு நேரே நீட்டி மடக்கினார், நீட்டி மடக்கினார்.

"பாருடா கெழவா! இதோ, இதோ!"

நடைபாதையிலேயே இக்னாஸ் அந்த விரலுக்கு முத்தம் கொடுத்தார். அதற்குக் கட்டணம் இருந்ததா என்று தெரியவில்லை. பார்த்தவர் எவரும் இல்லை.

நீர் ஒரு பக்கம் விரலை அவிழ்க்க, மரியாதை மறுபக்கம் உறையை அவிழ்த்தது. இரண்டாம் நாள் காபி மேசையில், "முதன்மை இன்ஸ்பெக்டர் ஐயா, கிரீம் போடட்டுங்களா?" என்றார் கொர்பினியன். மறுநாள், "டைரக்டர் ஐயா, அந்த நாற்காலி வேணாம், முன்வரிசைக்கு வாங்க." ஒவ்வொரு படிக்கும் ஒரு குளியல் விலை உண்டு என்பதை இக்னாஸ் அறியவில்லை. அறிந்ததெல்லாம் ஒன்றே: தாம் உள்ளே வரும்போது மனிதர்கள் தலை தாழ்த்துகிறார்கள். முப்பது ஆண்டு மணியடித்து மக்களை ஏற்றி இறக்கிய மனிதரை இப்போது மக்கள் ஏற்றினார்கள். தாம் இறங்க வேண்டிய இடம் வந்தும் அவர் இறங்கவில்லை.

நான்காம் குளியலுக்குப் போனபோது ஸீட்டா மணியை அடித்தார்.

"மன்னிக்கணும், அரசவை ஆலோசகர் ஐயா. உங்க குளியல் பணம் தீந்துபோச்சு."

"அரச... யாரு?"

"இன்னிக்குக் காலையிலேர்ந்து. கொர்பினியன் அறிவிச்சிருக்காரு."

"ஒம்பது குளியலுக்குக் கொண்டாந்தோம்மா!"

"பச்சை வில்லைக்கு ஒம்பது வரும். ஆலோசகருக்கு மூணுதான், முன்ன குளிச்சதுக்கும் சேத்து. சிக்கன ஆலோசனைப் பிரிவுல போய்ப் பாருங்க. ஆலோசனைக்குத் தனிக் கட்டணம்."

சிக்கன ஆலோசனைப் பிரிவு என்பது, செலவைத் திட்டமிடத் தெரியாமல் வரும் விருந்தாளிகளுக்காக ஆணையம் கட்டிய மாளிகை. அதன் சரவிளக்கை மட்டும் விற்றால் லின்ஸ் நகரத்துக்கு ஒரு டிராம் வாங்கலாம். அங்கே ஆணையத் தலைவர் டாக்டர் வால்டெக் அமர்ந்திருந்தார். பட்டு மெத்தைபோன்ற குரல். உட்கார்ந்தால் எழ முடியாது.

"பணத்தப் பத்திப் பேசுறது எங்களுக்குப் புடிக்காதுங்க," என்று தொடங்கினார். "அதனாலதான் அதுக்குன்னே தனி மாளிகை கட்டிட்டோம். மத்த எடத்துல பேச வேண்டியதில்ல பாருங்க."

"ஐயா, தண்ணிக்கு இவ்வளவா?"

"தண்ணிக்கா?" தலைவரின் முகம் உண்மையாகவே நொந்தது. "தண்ணிக்கு நாங்க ஒரு குரோஷன் காசுகூட வாங்குனதில்ல. அது ஆண்டவன் குடுத்தது. நனையறதுக்கு மட்டுந்தான் வாங்குறோம்."

"நனையாம எப்படிங்க குளிக்கிறது?"

"அது விருந்தாளிங்களோட சொந்த விருப்பம். அதுல ஆணையம் தலையிடாது."

ஹெர்மீனா தம் கைகளை மேசைமேல் வைத்தார். "பாருங்க சார். ஒரு விரல் மடங்குது. மீதி ஒம்பது இருக்கு. இப்ப நிறுத்தினா இதுவும் போயிடும்."

தலைவர் அந்த விரலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சந்தோஷம்மா. ஆனா மனசு விட்டுச் சொல்றேன், கொணமாகிப் போறவங்க திரும்பி வர்றதே இல்ல. அந்த நன்றிகெட்டதனம் எங்களுக்கு வருத்தமா இருக்கு. பாதி கொணமாகி வருஷா வருஷம் வர்றவங்கதான் இந்த ஊரோட உண்மையான நண்பர்கள்."

"ஏழைங்க வரவே கூடாதுங்கறீங்களா?"

"ஐயய்யோ! தாராளமா வரட்டும். வந்தா அவங்களுக்கே சங்கடமா இருக்கும்னுதான் கட்டணத்த ஒசரத்துல வச்சிருக்கோம். அவங்க சங்கடப்படக் கூடாதில்ல? இது கருணைங்க. இதப் புரிஞ்சுக்க ஏழைங்களுக்குப் பக்குவம் வரணும்."

இக்னாஸ் கோட்டிலிருந்த வில்லையைப் பிடுங்க முயன்றார். அது வரவில்லை.

"அப்படி எடுக்கக் கூடாதுங்க. ஏறுன பட்டத்த மேடையிலதான் எறக்கணும். நாளைக்கு மாலைக் கச்சேரி, ரெண்டு வால்ட்ஸ் இசைக்கு நடுவுல. எல்லாருக்கும் முன்னால 'நான் ஒண்ணுமில்லாதவன்'னு சொல்லணும். சொன்னீங்கன்னா பச்சை வில்லை, பழைய வில, மீதி ஆறு குளியலும் கெடைக்கும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நூறு வருஷத்துல ஒருத்தர்கூட."

தலைவர் அதைப் பெருமையோடு சொன்னார். ஒருவரும் விடுதலை கேட்காத சிறைக்குத்தான் சிறைக்காவலர் இப்படிப் பெருமைப்படுவார்.

வெளியே, ஊற்றின் ஆவி படிந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒரு கிண்ணம் ஈரல் உருண்டை சூப்பை இருவருமாகக் குடித்தார்கள்.

"அந்த ஸ்டேஷன்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றார் ஹெர்மீனா. "நான் சொல்ல வந்தப்ப இருமினியே, க்ஷயரோகக்காரன் மாதிரி."

"முப்பது வருஷம் ஹெர்மீனா. ஒருத்தன் கூப்பிடல."

"என்கிட்டக் கேட்டிருந்தா தெனமும் கூப்பிட்டிருப்பேனே. காசு வாங்காம."

இக்னாஸ் கோட்டிலிருந்த வில்லையைத் தடவினார். ஆயிரம் பேருக்கு முன்னால் நின்று தாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். அவர் மனுக்களை மறுத்தவர்கள்கூட அதை அறைக்குள் வைத்தே சொன்னார்கள். அவர் பக்கத்தில் ஹெர்மீனாவின் மடங்கிய சுண்டுவிரல் சூப்புக் கரண்டியைத் தொட்டுப் பழகிக்கொண்டிருந்தது. மற்ற நான்கும் வேலிக் கம்பிகள்போல நின்றன.

"மேடை ஏறுறேன்," என்றார்.

மறுநாள் மாலை ஊற்று மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வால்ட்ஸ் முடிந்தது. கொர்பினியன் முக்கோண மணியை ஒருமுறை தட்டினார். இக்னாஸ் மேடை ஏறினார். முன்னால் பார்த்தார்: பொன் வில்லைகள், பொன் வில்லைகள், எங்கும் பொன் வில்லைகள்.

"நான் அரசவை ஆலோசகர் இல்லீங்க," என்றார். "டைரக்டரும் இல்ல. இன்ஸ்பெக்டர்கூட இல்ல. லின்ஸ்ல டிராம் ஓட்டினவன். இன்ஸ்பெக்டர் வேலைக்கு மூணு தடவ கேட்டேன், குடுக்கல. இங்க ஒருத்தர் இன்ஸ்பெக்டர்னு கூப்பிட்டாரு. சந்தோஷமா இருந்துச்சு, வாய மூடிக்கிட்டேன். அந்த சந்தோஷத்துக்கு என் பொண்டாட்டி கை பணயமாப் போச்சு. தப்பு என்னோடதுதான். ஆனா ஒண்ணு கேக்குறேன். இங்க உக்காந்திருக்கிற ஆலோசகருங்கள்ல எத்தன பேருக்கு ஸ்டேஷன்ல பட்டம் கெடச்சுது?"

மண்டபத்தில் ஒரு தேக்கரண்டி விழுந்தது. முன்வரிசையில் ஒரு தொந்தி மனிதர் தம் வில்லையைக் கையால் மூடினார். அவர் கையில் இறைச்சிக் கத்தியின் காய்ப்பு இருந்தது. ஒருவர் எழுந்திருந்தால் போதும். அந்த ஊர் அன்றே கவிழ்ந்திருக்கும்.

அப்போது ஒரு சீமாட்டி பக்கத்துச் சீமாட்டியின் காதில், எல்லோருக்கும் கேட்கும்படியே, கிசுகிசுத்தார்: "என்ன அடக்கம் பாத்தீங்களா! உண்மையான பெரிய மனுஷங்கதான் இப்படிப் பேசுவாங்க. நம்மள மாதிரி ஆளுங்களால முடியுமா? வேஷம் மாத்தி வந்த கோமகனா இருக்கும்."

அந்தச் சொல் வரிசை வரிசையாக ஓடியது. கைத்தட்டல் எழுந்தது. மண்டபமே எழுந்து நின்றது. உண்மையைக் கேட்டால் தாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உடையும் என்பதால், அதை நாடகம் என்று பாராட்டிக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

டாக்டர் வால்டெக் காற்று வீசும் திசை அறிந்தவர். துள்ளி மேடை ஏறினார்.

"பெருமக்களே! பணிவின் சிகரத்தை இன்று கண்டோம். இத்தகைய மாமனிதரை வெறும் ஆலோசகராக வைத்திருந்தது ஆணையத்தின் பிழை. இந்நொடி முதல் இவரை இந்நகரின் கௌரவக் குடிமகனாக உயர்த்துகிறோம்! இதனினும் மேலான நிலை இங்கு இல்லை. இவரும் இவர் துணைவியாரும் முதலில் பேசினாலன்றி, ஆணையத்தார் உட்பட எவரும் இவர்களிடம் வாய் திறவார். இவர்களது ஆடையின் நுனியையும் தீண்டார். நூற்றாண்டு மரபு இது! கௌரவ நன்கொடை குறித்து நாளைக் காலை தனியே உரையாடுவோம்."

இக்னாஸ் தலைவர் பக்கம் திரும்பினார். "ஐயா, எறங்கத்தானே வந்தேன்..." என்று வாயெடுத்தார். ஹெர்மீனா மேடை ஏறி வந்து அவர் காலைப் பலமாக மிதித்தார்.

"பேசாதே," என்றார் மெல்ல. "யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசாதே."

பிறகு அவர் இறங்கி மண்டபத்தின் நடுவுக்கு நடந்தார். அங்கேதான் ஊற்று, சலவைக்கல் தொட்டியில் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பணம் கட்டியவர்கள் கோப்பையில் ஏந்திக் குடிக்கும் நீர் அது. ஹெர்மீனா சட்டைக் கைகளைப் பல்லால் கடித்து மேலே இழுத்தார். இரண்டு கைகளையும் முழங்கைவரை தொட்டிக்குள் இறக்கினார்.

ஸீட்டா மணியை அடித்தார். மறுபடி அடித்தார். மணி பேசலாம், ஸீட்டா பேசக் கூடாது. டாக்டர் வால்டெக் விரைந்து வந்து தொட்டியின் அருகே நின்றார். வாய் திறந்தது, மரபு அதை மூடியது. முடிவில் அவர் மண்டபத்துச் சரவிளக்கைப் பார்த்துப் பேசினார்.

"சில பேர் தொட்டில கைய வெக்கிறதா காதுல விழுது. அப்படி வெக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்."

சரவிளக்கு பதில் சொல்லவில்லை. ஹெர்மீனாவும் சொல்லவில்லை. கொர்பினியன் செய்வதறியாமல் முக்கோண மணியைத் தட்ட, இசைக்குழு அதை ஆணை என்று நினைத்து இரண்டாம் வால்ட்ஸைத் தொடங்கியது.

அன்று மட்டுமல்ல. விடுதியை விட்டு, பக்கத்துக் கிராமத்துப் பச்சை வில்லை விவசாயி ஒருவரின் வைக்கோல் பரணுக்கு மாறினார்கள். மீதி ஆறு குளியலுக்கும் ஆறு நாள், மண்டபம் திறந்தது முதல் மூடும்வரை, ஹெர்மீனா அந்தத் தொட்டியில் கை வைத்திருந்தார். இக்னாஸ் பக்கத்தில் நின்று அவருக்கு ரொட்டி ஊட்டினார். பொன் வில்லைகள் கோப்பையோடு வந்தன, பணம் கட்டின, சுற்றி நின்று பார்த்தன, பொறாமையோடு போயின. தொந்தி மனிதர் ஒருநாள் தம் வாதம் பிடித்த கையைத் தொட்டி விளிம்புவரை கொண்டுவந்தார். ஆவி பட்டது. பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடைசி நாள் மாலை, ஹெர்மீனா வலக் கையை நீரிலிருந்து எடுத்து, ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஐந்தும் மடங்கின. கை முட்டியானது. அதை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். டாக்டர் வால்டெக் இரண்டடி பின்வாங்கினார். அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை.

நிலையத்துக்குக் கொர்பினியன் வெள்ளித் தட்டில் நன்கொடைச் சீட்டை ஏந்தி வந்தார். ரயில் பெட்டியின் சன்னலுக்கு நேரே குனிந்து, கெஞ்சும் கண்களோடு, ஊமையாக நின்றார். ஒரு 'வணக்கம்' கிடைத்தால் போதும், அவர் வாய் திறக்கும், விலை வெளியே வரும். ஹெர்மீனா சன்னலின் பித்தளைப் பிடியைத் தம் விரல்களாலேயே பற்றி, தம் விரல்களாலேயே இழுத்து, மூடினார்.

சாட்சிகளே, வழக்கு முடிந்துவிட்டது என்று கலைந்துவிடாதீர்கள். வென்றது ஒரு தையற்காரி. தோற்றது அந்த மண்டபம் நிறைந்த கூட்டம். ஆறு நாள் நீர் அவர்கள் முன்னால் வழிந்தது. கையெட்டும் தூரம். கேட்பாரில்லை. ஒருவர்கூட நனைக்கவில்லை, தம் கோட்டில் குத்தியிருந்த தகரத்தைக் காப்பாற்ற.

இன்று அந்தத் தொட்டிக்கு அருகே நிற்பவர்கள் நீங்கள். உங்கள் ஊரில் அது மருத்துவமனை வாசலாக இருக்கும், பள்ளிக்கூடக் கதவாக இருக்கும், ஒரு குடம் தண்ணீராக இருக்கும். அங்கே ஒருவன் உங்களைக் குனிந்து 'ஐயா' என்று அழைத்தால், உறையைத் திறக்காதீர்கள். விலை என்னவென்று உரக்கக் கேளுங்கள். வில்லையைக் கழற்றுங்கள், வராவிட்டால் கோட்டையே கழற்றுங்கள். எல்லோருக்குமென்று மலை கொடுத்ததன் முன்னால் மணி வைத்திருப்பவனிடம் அனுமதி கேட்டு நிற்காதீர்கள். சட்டைக் கையை மேலே இழுங்கள். நாளைக்கல்ல, ஒருவர் ஒருவராகவும் அல்ல. இன்றே, எல்லோரும், முழங்கைவரை.